மறைகோட்டைக்கு வந்த கார்டுகள்

டேப்ரிக்கார்டரின் பொத்தானை அழுத்தியதும் முதலில் நீளமாக ஓர் ஊளை கிளம்பும். பிறகு ஒரு நொடி ஓசை அடங்கும். அதற்கப்புறம் காய்ந்த எண்ணெயில் ஈரக் கறிவேப்பிலையை அள்ளிப் போட்டதைப் போலச் சடசடவென்று ஆரம்பித்து நாலைந்து நிமிடத்துக்கு ஓயாது. அந்த நாலைந்து நிமிடமும் எங்கள் வீட்டுக் கறுப்பு வெள்ளை டிவியின் ஓரங்களில் கோடுகள் மேலும் கீழுமாக ஓடிக்கொண்டிருக்கும். நான் ஒரு கையால் டேப்ரிக்கார்டரின் ஒயரை ஆடாமல் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையின் நகத்தைக் கடித்துக்கொண்டு, கரண்ட் போய்விடக் கூடாதே என்று தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருப்பேன். பாதியில் கரண்ட் போனால் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்ற வேண்டும். "இந்தப் பொட்டி கத்தறத கேட்டா பல்லு கூசுதுடி" என்று அம்மா சமையற்கட்டிலிருந்து சொல்வாள்.

அம்மா "பொட்டி" என்று சொன்னது ஒரு கம்ப்யூட்டரை. எண்பதுகளின் கடைசியில் பாலக்கோட்டில் அப்படி ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது என்பதை இப்போது சொன்னால் யாரும் எளிதில் நம்புவதில்லை. அம்மாவின் தம்பி பாஸ்கர் மாமா ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அங்கிருந்த அதிகாரி ஒருவர் வெளிநாடு போகும்போது தன் கம்ப்யூட்டரை மாமாவிடம் விட்டுப்போனார். அதை டிவியோடு இணைத்தால்தான் எழுத்துத் தெரியும். மாமா தங்கியிருந்த அறையில் டிவி இல்லை. அதனால் ஒரு தை மாதத்தில், பழைய துண்டில் சுற்றி எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தார். ஒரு நோட்டுப் புத்தகத்தின் அளவுதான் இருக்கும். அழிரப்பரைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டியதைப் போன்ற விசைகள். ஒரு விசையைத் தொட்டால் ஒரு முழு ஆங்கிலச் சொல்லே திரையில் வந்து விழும். கூடவே ஒரு கனமான புத்தகமும் நாலு கேசட்டுகளும். கேசட்டில் ஆட்டங்கள் ஓசையாகப் பதிந்திருக்கும், டேப்ரிக்கார்டரில் ஓடவிட்டுப் பொட்டியில் ஏற்ற வேண்டும்.

அப்பாவுக்கு அதன் மீது மரியாதை இல்லை. ஊருக்கு வெளியே எங்களுக்குத் தக்காளித் தோட்டம். கோடையில் கிணற்று மோட்டாருக்குக் கரண்ட் எப்போது வரும் என்பதே அவருடைய நாளின் பெரிய கேள்வி. "மோட்டாருக்கே கரண்ட் இல்லாம செடி காயுது, இவங்க பொட்டிக்குக் கரண்ட் வேணுமாம்" என்பார். ஆனால் அதைத் தூக்கி வைக்கச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவி பார்க்கத் தெருவே எங்கள் கூடத்தில் வந்து உட்காரும். அவர்கள் எழுந்து போன பிறகு மதியத்திலிருந்து விளக்கு வைக்கும் நேரம்வரை டிவி எனக்கு. அப்படி ஓர் ஏற்பாடு தானாகவே அமைந்துவிட்டது.

முதல் இரண்டு மாதமும் கேசட்டில் இருந்த ஆட்டங்களைத்தான் ஆடினோம். ஆடினோம் என்றால் நானும் நசீமாவும். நசீமா ஆறாம் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவள். கடைவீதியில் அவளுடைய அப்பாவுக்கு ஜவுளிக்கடை, அடுத்த தெருவில் வீடு. இரண்டு பேர் ஆடும் ஆட்டம் என்றால் அதே சின்ன விசைப்பலகையில் இடது பக்கம் அவள் கை, வலது பக்கம் என் கை; தோளை இடித்துக்கொண்டு, முழங்கையால் தள்ளிக்கொண்டு ஆட வேண்டும். பெரும்பாலும் அவள்தான் ஜெயிப்பாள். என்னால் ஒரு நிமிடம் சும்மா இருக்க முடியாது, அவள் பொறுத்திருப்பாள். நான் அவசரத்தில் எங்காவது போய் மாட்டிக்கொள்ளும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்து பிறகு ஒரே ஒரு விசையைத் தட்டுவாள்.

ஒன்பதாம் வகுப்பு முழுப் பரீட்சைக்கு முன்னால் அவள் ஒரு செய்தியோடு வந்தாள். "வளரு, நாங்க கடத்தூருக்குப் போறோம். பெரியப்பா அங்க கடை எடுத்திருக்காரு. அப்பாவும் அங்கயே வரணுமாம்." என் முழுப்பெயர் வளர்மதி, வளரு என்று கூப்பிட்டவள் அவள் ஒருத்திதான். கடத்தூர் ஒன்றும் கண்காணாத தேசம் இல்லை, தர்மபுரியில் பஸ் மாறினால் போய்விடலாம். ஆனால் பதினான்கு வயதில் நாமாக பஸ் ஏறிப் போக முடியாத ஊர் எல்லாமே தூர தேசம்தான்.

அன்றைக்கே, அழுவதற்குப் பதிலாக, நாங்கள் சண்டை போட ஆரம்பித்தோம். வெவ்வேறு ஊரில் இருப்பவர்கள் ஒரே ஆட்டத்தை ஆட முடியுமா முடியாதா என்று. முடியாது என்றேன் நான். "பொட்டி இங்க இருக்கட்டும். நாங்க என்ன செய்யறோம்னு தபால் கார்டுல எழுதிப் போடறோம். நீ அத பொட்டில போடு. என்ன ஆச்சுன்னு எங்களுக்குத் திருப்பி எழுது" என்றாள் நசீமா. சொல்லிவிட்டு அறிவியல் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கட்டம் போட ஆரம்பித்தாள்.

அப்படிப் பிறந்ததுதான் "மறைகோட்டை". பதினைந்துக்குப் பதினைந்து கட்டம் உள்ள ஒரு நாடு. ஆளுக்கொரு கோட்டை, அது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பது அவரவருக்கும் பொட்டிக்கும் மட்டுமே தெரியும். ஒவ்வொருவருக்கும் நூறு வீரர்கள். வாரம் ஒருமுறை வீரர்களை எங்கே அனுப்புவது, எங்கே ஒற்றனை விடுவது என்று ஆணை எழுதலாம். அடுத்தவர் கோட்டைக் கட்டத்துக்குள் போதுமான ஆட்களோடு நுழைந்தால் கோட்டை விழும். ஆனால் கோட்டைக்குள் இருக்கும் ஒரு வீரன் வெளியில் இருக்கும் இருவருக்குச் சமம். இந்தக் கடைசி விதி நசீமாவுடையது. பொறுத்திருப்பவர்களுக்கு ஒரு பலன் வேண்டும் என்றாள்.

விதிகளைப் பொட்டிக்குப் புரியவைக்கும் வேலை என்னுடையது. பரீட்சைக்குப் படிப்பதாகச் சொல்லிக்கொண்டு அந்தக் கனமான புத்தகத்தைத்தான் படித்தேன். ஒரு கையில் ஆங்கில அகராதி, மடியில் புத்தகம். எழுதிய வரிகளை ஞாயிறு மதியம் தட்டிப் பார்ப்பேன். ஏதாவது ஒரு வரியில் தப்பு என்று திரை சொல்லும். எந்த இடத்தில் தப்பு என்று தேடுவதற்குள் கரண்ட் போகும். கரண்ட் போனால் பொட்டி அதுவரை தட்டிய எல்லாவற்றையும் மறந்துவிடும். "நம்ம குமார் பரீட்சைக்குப் படிச்ச மாதிரி" என்று அம்மா என் தம்பியைக் காட்டிச் சொல்வாள். பத்து வரி தட்டினால் கேசட்டில் பதிவது, மறுபடி பத்து வரி தட்டுவது என்று பழகிக்கொண்டேன். கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள், முதல் முறையாக இரண்டு படைகள் ஒரே கட்டத்தில் சந்தித்து, ஒன்று அழிந்து, மற்றொன்றில் எத்தனை பேர் மிச்சம் என்று திரையில் எண் வந்தது. நான் எழுந்து கூடத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை.

ஆட நாலு பேர் சேர்ந்தோம்; கோட்டைக் கட்டத்தை அவரவரே வந்து மற்றவர் பார்க்காமல் பொட்டியில் தட்டி வைத்தோம். கடத்தூரில் நசீமா. தொப்பூரில் அத்தை மகன் முருகேசன். அங்கே மலைப்பாதையின் அடியில் அத்தை வீட்டாருக்கு லாரிக்காரர்கள் சாப்பிடும் ஓட்டல். வீட்டில் குமார், அப்புறம் நான். நசீமா ஊரை விட்டுப் போவதற்கு முதல் நாள் எங்கள் வீட்டில் உட்கார்ந்து கடைசி விதியைச் சொன்னாள். "எல்லார் கார்டும் உங்கிட்டதான் வருது. யாரு எங்க போறாங்கன்னு படிச்சிட்டு நீ எழுதுனா நாங்க என்ன பண்றது? நீ வெள்ளிக்கிழமையே உன் ஆணைய எழுதி உங்கம்மாகிட்ட குடுத்துரணும். ஞாயித்துக்கிழமதான் திரும்ப வாங்கணும்." எனக்குச் சுருக்கென்றது. என்னை நம்பவில்லையா என்று கேட்டேன். "நம்பறேன், அதனாலதான் சொல்றேன்" என்றாள். அம்மா சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டாள். வாராவாரம் என் சீட்டை வாங்கி, மருந்துப் பொட்டலம் மாதிரி நாலாக மடித்து, மாரியம்மன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள்.

அந்தக் கோடை முழுவதும் என் கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை. நசீமாவின் கார்டு சனிக்கிழமை தபாலில் வரும். தபால்காரர் எங்கள் தெருவுக்கு வர மதியம் ஆகிவிடும், ஆனால் நான் பதினொரு மணிக்கே போய்ச் சாலை முனையில் நிற்பேன். மண்டிக்குப் போகும் டிராக்டர்கள் கூடை கூடையாகத் தக்காளி ஏற்றிக்கொண்டு வரிசையில் நிற்கும்; கீழே விழுந்து நசுங்கிய தக்காளியின் புளிப்பு வாடை வெயிலில் ஏறி மூக்கைத் துளைக்கும். அந்த டிராக்டர்களுக்கு நடுவே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரும் தபால்காரர் என்னைத் தூரத்தில் பார்த்ததுமே கையை விரித்தால் இல்லை என்று அர்த்தம், மணி அடித்தால் இருக்கிறது என்று அர்த்தம். முருகேசனின் ஆணை தபாலில் வராது. அவன் அப்பா, தொப்பூர் மாமா, சனிக்கிழமை தோறும் ஓட்டலுக்குத் தக்காளி வாங்க மண்டிக்கு வருவார்; அவருடைய சட்டைப் பையில் நாலு மடிப்பாக, சாம்பார்க் கறையோடு வரும். "என்னாத்த எழுதுறானோ, கல்லாவுல உக்காந்தா இதே வேலையா இருக்கான். லாரிக்காரங்க நாலு பேரு வேற கூட உக்காந்து யோசன சொல்றாங்க" என்று மாமா அதை நீட்டுவார். முருகேசனின் படை எப்போதும் நெடுஞ்சாலை மாதிரி ஒரே நேர்கோட்டில் போவதற்குக் காரணம் அதுதானோ என்னவோ.

ஞாயிறு மதியம் எல்லா ஆணைகளையும் பொட்டியில் ஏற்றுவேன். யாருக்கு என்ன தெரிய வேண்டுமோ அதை மட்டும் திரையில் பார்த்து அவரவர் கார்டில் எழுதுவேன். பிறகு அந்த வார நிலவரத்தைக் கேசட்டில் பதிவேன். போன வாரத்துப் பதிவுக்கு அடுத்ததாகத்தான் புதியதைப் பதிய வேண்டும் என்பது நானே எனக்குப் போட்டுக்கொண்ட ஒழுங்கு. எங்காவது தப்பு நேர்ந்தால் முந்தின வாரத்துக்குத் திரும்பிப் போகலாம் அல்லவா. திங்கட்கிழமை காலையில் கார்டுகளைப் பெட்டியில் போட்ட உடனே அடுத்த சனிக்கிழமைக்கான தவிப்பு தொடங்கிவிடும். இடையில் உள்ள நாட்களை எதற்காக வைத்திருக்கிறார்கள் என்று தோன்றும். அம்மா தண்ணீருக்கு அனுப்பினால் குடத்தைக் குழாயடியில் வைத்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்து நின்றிருக்கிறேன்.

மூன்றாவது வாரத்தில் குமாரின் கோட்டை விழுந்தது. புதையல் இருக்கும் என்று தன் ஆட்களையெல்லாம் ஒரு மூலையில் தோண்ட அனுப்பியிருந்தான். இந்த ஆட்டத்தில் புதையலே கிடையாது என்று பலமுறை சொல்லியும் கேட்கவில்லை. அதே வாரம் பாஸ்கர் மாமாவிடமிருந்து கடிதம் வந்தது. கம்ப்யூட்டரை உடன் வேலை பார்க்கும் ஒருவருக்குத் தருவதாகச் சொல்லிவிட்டாராம், மே மாதக் கடைசி ஞாயிறு வந்து எடுத்துக்கொள்வாராம். கடிதத்தைப் படித்த அம்மா என் முகத்தைப் பார்த்தாள். "அவன் பொருளு. நாம கேக்க முடியாது" என்றாள்.

எண்ணிப் பார்த்தேன். மாமா வரும் ஞாயிறையும் சேர்த்து மூன்று ஞாயிறுகள். அதற்குள் ஆட்டம் முடிய வேண்டும். முடியாமல் பொட்டி போய்விட்டால் மூன்று கோட்டைகளும் எங்கேயும் இல்லாமல் போய்விடும். அந்த வெள்ளிக்கிழமை அவசர அவசரமாக ஓர் ஆணை எழுதினேன். வெளியே போய்விட்டுக் கோட்டைக்குத் திரும்பியிருந்த தொண்ணூறு பேரில் எழுபத்தைந்து பேர் மேற்கே போய் முருகேசனின் கோட்டையைத் தேட வேண்டும். வீட்டுக் காவலுக்குப் பதினைந்து பேர். அம்மா வாங்கி மடித்துச் செருகினாள்.

சனிக்கிழமை தபால்காரர் மணி அடித்தார். நசீமாவின் குண்டுக் கையெழுத்தில் ஒரே ஒரு வரி: எண்பது பேர், பன்னிரண்டாம் வரிசை, நான்காம் கட்டம். அது என் கோட்டை. அருகில் கூட இல்லை, அதே கட்டம். வெயிலில் நின்று அந்த வரியை எத்தனை முறை படித்தேனோ தெரியாது. பின்னால் வந்த டிராக்டர்க்காரர், "பாப்பா, ஓரமா போம்மா" என்று இரண்டு முறை சொன்ன பிறகுதான் நகர்ந்தேன்.

அந்த மதியத்திலிருந்து மறுநாள் மதியம் வரை நான் பட்ட பாட்டை எப்படிச் சொல்வது? உட்கார முடியவில்லை, சாப்பிட முடியவில்லை. தோட்டத்துக்குப் போனேன், திரும்பி வந்தேன், மறுபடி போனேன். "எறும்பு கடிச்ச மாதிரி சுத்தறா, என்னான்னு கேளு" என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். தோற்பது எனக்குப் புதிது இல்லை, நசீமாவிடம் தோற்பது அதைவிடப் பழகியது. ஆனால் இந்த ஆட்டம் நான் வரி வரியாகத் தட்டியது. என் வீட்டில் ஓடும் ஆட்டத்தில், என் பொட்டியில், நான் இரண்டாவதாக வெளியேறுவதா என்று ஒரு எண்ணம். அதற்கு மேல் ஒரு நியாயத்தையும் கண்டுபிடித்து வைத்தேன்: நசீமாவின் எண்பது பேரும் இப்போது அழிந்தால் அவளிடம் மிஞ்சுவது சொற்பம், ஆட்டம் சீக்கிரம் முடிந்துவிடும், மாமா வருவதற்குள் முடிந்தாக வேண்டும் அல்லவா.

ஞாயிற்றுக்கிழமை தெரு ஜனம் டிவி பார்த்துவிட்டு எழுந்து போனதும் அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். நான் நாற்காலியில் ஏறி மாரியம்மன் படத்துக்குப் பின்னால் கையை விட்டேன். சீட்டை எடுத்து, தொண்ணூறு பேரும் கோட்டையிலேயே இருக்கட்டும் என்று வேறொரு சீட்டு எழுதி, மடித்து, அதே இடத்தில் செருகினேன். பழையதைக் கிழித்து அடுப்பில் போட்டேன். அம்மா குடத்தோடு உள்ளே வந்தபோது, "அம்மா, சீட்டக் குடும்மா" என்று வழக்கம்போலக் கேட்டேன். அவள் எடுத்தாள், ஒரு கணம் கையில் வைத்திருந்தாள், கொடுத்தாள்.

நசீமாவின் எண்பது பேரும் விழுந்தார்கள். அவள் சொன்ன விதியே அவளை அடித்தது. கோட்டைக்குள் இருந்த என் தொண்ணூறு பேரும் நூற்றெண்பது பேராக நின்றார்கள். ஏற்றி முடித்ததும் பின்னால் ஓட்டியிருந்த கேசட்டை முன்னால் ஓட்டாமல், கிடந்த இடத்திலேயே நிலவரத்தைப் பதிந்து முடித்தேன். அவசரத்தில் செய்தது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். பிறகு கார்டு எழுதினேன்: உன் எண்பது பேரும் திரும்பவில்லை.

அந்த வாரம் பதில் கார்டு வரவில்லை. சனிக்கிழமை தபால்காரர் கையை விரித்தார். மறுநாள் ஞாயிறு மதியம் கதவு தட்டப்பட்டது. வெளியே நசீமாவும் அவளுடைய அப்பாவும். "கடைவீதியில ஒருத்தரப் பாக்கணும்மா. இவ உங்க வூட்டுக்கு வரணும்னு ஒரே பிடிவாதம். நாலு மணிக்கு வந்து கூட்டிக்கறேன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு அவர் போனார்.

அவள் உட்கார்ந்தாள். பையிலிருந்து ஒரு வரைபடத் தாளை எடுத்து விரித்தாள். அவள் பக்கமிருந்து அந்த நாடு எப்படித் தெரிந்தது என்பதை அப்போதுதான் பார்த்தேன். ஒவ்வொரு வாரமும் என் ஆட்கள் தென்பட்ட இடங்களைப் பென்சிலால் குறித்து, அவர்கள் எங்கிருந்து கிளம்பியிருக்க முடியும் என்று கோடு இழுத்து, தப்பென்று தெரிந்ததை அழித்து, மறுபடி இழுத்து, தாளே அங்கங்கே தேய்ந்து ஓட்டையாகியிருந்தது. எல்லாக் கோடுகளும் பன்னிரண்டாம் வரிசை நான்காம் கட்டத்தில் வந்து சேர்ந்தன.

"மூணு வாரமா நீ வூட்டுல ஆளே வெக்கல வளரு. அவ்வளவு பேரையும் வெளிய அனுப்பிட்டு அனுப்பிட்டுத்தான் ஆடுன. நான் வந்த வாரம் மட்டும் எல்லாரும் உள்ள. எப்படி?"

"தோணுச்சு" என்றேன்.

அவள் அம்மாவைப் பார்த்து, "அம்மா, போன வாரம் இவ குடுத்த சீட்டு இருக்குதாங்க?" என்று கேட்டாள்.

அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள். பொட்டிக்குப் பக்கத்தில் கிடந்த சீட்டை எடுத்து நசீமாவின் கையில் கொடுத்தாள். "இதாம்மா. ஆனா வெள்ளிக்கிழம நான் மடிச்சு வெச்சது இது இல்ல. நான் நாலா மடிப்பேன், இது ரெண்டா மடிச்சிருந்திச்சு. எடுக்கும்போதே பாத்தேன். இவளா சொல்லுவா சொல்லுவான்னு ஒரு வாரமா இருக்கேன்." இதைச் சொல்லிவிட்டு அவள் என்னைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

என் காது இரண்டும் சூடாகிவிட்டன. "மாத்தி எழுதுனேன்" என்றேன். உடனே, "மாமா வர்றதுக்குள்ள ஆட்டம் முடியணும்னுதான் நசீ" என்றும் சொன்னேன்.

"முடியணும்னா, நான் ஜெயிச்சிருந்தாலும் முடிஞ்சிருக்குமே" என்றாள் நசீமா.

இருங்கள் இருங்கள் என்று பன்மையில் எதையோ உளறிக்கொண்டு கேசட்டை எடுத்தேன். முந்தின வாரத்துப் பதிவிலிருந்து மறுபடி தொடங்கலாம், எழுபத்தைந்து பேரை மேற்கே அனுப்பிவிடுகிறேன், உன் எண்பது பேர் வரட்டும் என்றேன். கேசட்டைப் பின்னால் ஓட்டி, டேப்ரிக்கார்டரில் நாடா உரசும் தலையை ஈரத்துணியால் துடைத்து, ஒயரைப் பிடித்துக்கொண்டு ஏற்றினேன். தப்பு என்றது திரை. மறுபடி ஏற்றினேன். ஒலியைக் கூட்டிப் பார்த்தேன், குறைத்துப் பார்த்தேன். நாலாவது முறைதான் புரிந்தது: முந்தின வாரத்தின் மேலேயே என் பொய் வாரத்தைப் பதிந்திருக்கிறேன். திரும்பிப் போக இடம் இல்லை.

நசீமா நான் செய்வதையெல்லாம் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபப்பட்டுக் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். நாலு மணிக்கு அவள் அப்பா தெருவிலிருந்து கூப்பிட்டார். அம்மா தட்டில் பணியாரம் வைத்து எடுத்துவந்தாள். "வேணாங்க, வயிறு நெறஞ்சிருக்குது" என்று அவள் அம்மாவிடம் சொன்னாள். வரைபடத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு பாஸ்கர் மாமா வந்தார். அதே பழைய துண்டில் பொட்டியைச் சுற்றினார். "ஏம்மா, ஏதோ நீயே ஒரு ஆட்டம் செஞ்சியாமே, போட்டுக் காட்டேன்" என்றார். கரண்ட் இல்லை மாமா என்றேன். தலைக்கு மேல் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவர் ஒருமுறை மேலே பார்த்துவிட்டு ஒயர்களைச் சுருட்டினார்.

பள்ளிக்கூடம் திறந்து பத்தாம் வகுப்பு ஆரம்பித்தது. பக்கத்து இடத்தில் வேறொரு பெண் உட்கார்ந்தாள். நசீமாவுக்கு மூன்று கடிதம் எழுதினேன். முதல் கடிதத்தில் காரணம் சொல்லியிருந்தேன். இரண்டாவதில் பாதிக் காரணம். மூன்றாவதில் காரணம் எதுவும் இல்லை. எதற்கும் பதில் வரவில்லை. ஆனாலும் சனிக்கிழமை வந்தால் சாலை முனைக்குப் போகாமல் இருக்க முடியவில்லை. தபால்காரர் என்னைப் பார்த்துக் கையை விரிப்பதைக்கூட நிறுத்திவிட்டார்; தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போவார்.

ஆடி முடிந்து ஒரு சனிக்கிழமை மணி அடித்தது. கார்டில் இப்படி எழுதியிருந்தது: "மறைகோட்டை, இரண்டாம் ஆட்டம். பொட்டி இல்லை, நோட்டும் தாயக்கட்டையும் போதும். எல்லாரும் எனக்கு எழுதுங்கள். நடத்துகிறவர் ஆடக் கூடாது, அதனால் நான் ஆடவில்லை. முருகேசன் சேர்ந்துவிட்டான். என் தங்கை சேர்ந்திருக்கிறாள். உன் கோட்டை எந்தக் கட்டத்தில் என்று எழுதி அனுப்பு. நசீமா."

நலமா என்றுகூட ஒரு வார்த்தை இல்லை. அந்தக் கார்டை வைத்துக்கொண்டு மூன்று நாள் அலைந்தேன். என் கோட்டை இருக்கும் இடத்தை அவளிடம் கொடுக்க வேண்டும். அவளுடைய தங்கை அதே வீட்டில், அதே நோட்டுக்குப் பக்கத்தில் படுத்துத் தூங்குவாள். நசீமா ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் கோட்டை விழும். சொன்னாளா இல்லையா என்று எனக்குத் தெரியவே வராது. போன கோடையில் அவள் எனக்குக் கார்டு எழுதிப் போட்டபோதெல்லாம் இப்படித்தான் எழுதியிருக்கிறாள் என்பது அந்த மூன்று நாளில்தான் எனக்கு உறைத்தது. நாலாம் நாள் கட்டத்தின் எண்ணை எழுதிப் பெட்டியில் போட்டேன். போட்ட கையை உடனே எடுக்காமல் பெட்டியின் வாயிலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.

அந்த ஆட்டம் இரண்டு வருடத்துக்கு மேல் நடந்தது. ஐந்தாறு கோட்டைகள் விழுந்தன, புதிதாக எழுந்தன. நான் ஒரு முறையும் ஜெயிக்கவில்லை. ஆனால் அவள் கார்டுகளில் மெல்ல மெல்ல ஓரத்தில் வேறு விஷயங்கள் வர ஆரம்பித்தன. கடத்தூர்ப் பள்ளியின் கணக்கு டீச்சர் பற்றி, அவர்கள் வீட்டுப் பூனை பற்றி. பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை நெருங்கியபோது, எல்லாக் கட்டத்தையும் கலைத்துவிட்டேன், போய்ப் படியுங்கள் என்று எல்லாருக்கும் எழுதி ஆட்டத்தை முடித்தாள்.

இப்போது நான் தர்மபுரியில் இருக்கிறேன். என் மகன் தன் கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு உலகத்தைத் திறந்து வைத்து, கடவுச்சொல் கொடுத்து, எந்தெந்த ஊரிலோ இருக்கும் நண்பர்களை உள்ளே விடுகிறான். அவர்கள் சிரிக்கும் சத்தம் அவன் அறையிலிருந்து அந்தக் கணமே கேட்கிறது. யாரும் எதற்காகவும் சனிக்கிழமைவரை காத்திருப்பதில்லை. சாலை அகலமானபோது தொப்பூர் ஓட்டல் போய்விட்டது. முருகேசன் சேலத்தில் வேறு தொழிலில் இருக்கிறான். பாலக்கோட்டு வீட்டை விற்றுவிட்டோம். பொட்டி கடைசியில் யாரிடம் போனது என்று பாஸ்கர் மாமாவுக்கே நினைவில்லை.

நசீமா வங்கியில் வேலை பார்க்கிறாள், ஓய்வுக்கு இன்னும் சில வருடம் இருக்கிறது. சென்ற ஆண்டு அவள் மகளின் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். சாப்பிட்டு முடித்து மண்டபத்து வாசலில் இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்தபோது, இத்தனை வருடம் கேட்காததைக் கேட்டேன். "அந்த ரெண்டு வருஷமும் எல்லார் கார்டும் உங்கிட்டதான வந்துது நசீ. யாராச்சும் ஒருத்தருக்கு ஒரு வார்த்த சொல்லிடலாம்னு உனக்குத் தோணவே இல்லையா?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். வாய் ஓரத்தில் ஒரு சிரிப்பு வந்தது. ஒரு விரலை மட்டும் உயர்த்தி, "ஒரே ஒரு தடவ" என்றாள்.

அதற்குள் யாரோ வந்து, மாப்பிள்ளை வீட்டார் கிளம்புகிறார்கள் என்று அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். தோன்றியது ஒரு தடவையா, சொன்னது ஒரு தடவையா, சொன்னது என்றால் யாரிடம், எந்த வாரம்? ஊருக்கு வரும் வழியெல்லாம் பஸ்ஸில் அந்த இரண்டு வருடத்துக் கார்டுகளை ஒவ்வொன்றாக நினைவிலிருந்து எடுத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். அதற்குப் பிறகு அவளோடு எத்தனையோ முறை போனில் பேசியிருக்கிறேன். இன்னும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள்.